தரைக்கு மேல் ஒரு முழம்

"காது அடைக்கும், எச்சிலை முழுங்கு" என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் அடைத்துவிட்டது, சொன்னபடியே அடைத்ததில் இவர் முகத்தில் ஒரு திருப்தி, அடைக்க வைத்ததே இவர்தான் என்பதுபோல. மதுரையில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து இப்படித்தான். இப்போ சக்கரம் உள்ள போகும், டொம்முனு ஒரு சத்தம் கேக்கும், பயந்துராத. கேட்டது. இப்போ ஒரு பக்கமா சாயும். சாய்ந்தது. நான் பயப்படுவேன் என்று காத்துக்கொண்டே வருகிறார், நான் பயந்தால்தானே இவர் தைரியம் சொல்ல முடியும். நான் பயப்படவில்லை, பயப்படவில்லை என்று சொல்லவும் இல்லை, தலையை ஆட்டினேன், எதற்கெடுத்தாலும் எனக்குத் தலையை ஆட்டத்தான் வரும் என்று இவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு ஆட்டலை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் எல்லாக் காரியமும் செய்துகொள்கிறார்கள். ஜன்னல் சீட்டு பிள்ளைக்கு வேடிக்கை காட்ட என்று கேட்டு வாங்கினார். பிள்ளை நடுச்சீட்டில் என் மடியில் இருக்கிறான், ஜன்னலில் இவர் இருக்கிறார். இவர் மூக்குக்கும் ஜன்னல் விளிம்புக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த சந்தில் இறக்கையில் ஒரு துண்டு தெரிகிறது, வெயில் பட்ட தகரம் மாதிரி, நுனி லேசாக ஆடுகிறது. "ஆடத்தான் செய்யும், ஆடலைன்னாதான் ஒடியும்" என்கிறார், நான் கேட்கவே இல்லை. இந்தப் பக்கம் சீட்டில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், அவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. பிள்ளை முனகுகிறான். அவனுக்கும் காது அடைத்திருக்கும், எச்சிலை முழுங்கு என்று அவனிடம் எப்படிச் சொல்ல, அவனுக்குத் தெரிந்த முழுங்கல் ஒன்றுதான், அது என்னிடம் இருக்கிறது, காலையிலிருந்து பால் கட்டிக் கல்லாகி ரவிக்கை நனைந்துகொண்டிருக்கிறது, முந்தானையை இழுத்து மூடி வைத்திருக்கிறேன். "புட்டியைக் கொடு" என்கிறார். புட்டியைக் கொடுத்தால் நாக்கால் தள்ளுகிறான். "பழகணும்லா, அக்கா என்ன சொன்னா, வரும்போது புட்டிக்குப் பழகி வரட்டும்னு சொன்னாளா இல்லையா." சொன்னாள். புட்டிக்குப் பழகி வரட்டும். எட்டு மாசப் பிள்ளை தானாகப் பழகி, தானாக ஏறி, தானாக வருகிறது.

நாங்கள் சென்னைக்குப் போவது பிள்ளையை இவர் அக்காவிடம் கொடுப்பதற்கு. இதை இந்த மாதிரி நேராக யாரும் சொல்வதில்லை, நானே இப்போதுதான் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது வேறு. அக்காகூட இருக்கட்டும் என்பார்கள். அங்கன வளரட்டும் என்பார்கள். முறையா வாங்கினவ அவதானே என்பார் அத்தை, அதாவது இவர் அம்மா. முறை. என் முதல் பிள்ளை, பெண், பிறந்த அன்றைக்கே போய்விட்டது. இவன் பிறந்தபோது ஒரு தேங்காய் கனம்கூட இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டுக் காய்ச்சினார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே அத்தை ஆரம்பித்துவிட்டார், பிள்ளையைத் தவிட்டுக்கு வித்துரணும், இல்லைன்னா இதுவும் தங்காது. எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம், பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை வேற ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றதுபோலச் செய்வார்கள், எமன் வந்து பார்த்தால் இது இவள் பிள்ளை இல்லைபோல என்று திரும்பிப் போய்விடுவானாம். எமனுக்குப் புத்தி அவ்வளவுதான் என்று அத்தைக்கு எண்ணம். சரி என்று தலையை ஆட்டினேன். பிள்ளையைச் சொளகில், அதாவது முறத்தில், போட்டுக் கொல்லை வாசலில் வைத்தார்கள். பெரிய மதினி, அதாவது இந்த அக்கா, ஆவுடைத்தாய், சென்னையிலிருந்து அதற்காகவே வந்திருந்தாள், பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு படித் தவிட்டை என் மடியில் கொட்டினாள், பிள்ளையை எடுத்து வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தையல் ஆறாத வயிற்றின்மேல் அந்தத் தவிட்டுத் தூசு நமநமவென்று ராத்திரி முழுக்க அரித்தது. தவிட்டைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தார்கள். என் பிள்ளையின் விலையைத் தின்ற மாடு இன்னும் அந்தத் தெருவில்தான் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. இதெல்லாம் ஒரு சாங்கியம், ஊரில் தவிட்டுக்கு விற்ற பிள்ளைகள் எத்தனையோ, எல்லாம் பெத்தவள் வீட்டில்தான் வளர்ந்து பெத்தவளைத்தான் வைகிறது. எமன்கூட நம்பியிருக்க மாட்டான். மதினி நம்பிவிட்டாள். பிள்ளை தேறித் தேறி, கன்னம் வைத்து, குப்புற விழுந்து சிரிக்க ஆரம்பித்ததும் போன் வந்தது, ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினார்கள், நான் அடுப்பு முன்னால் நின்றேன். "நான் வாங்கின பிள்ளைதானம்மா அவன், நான் கை வைச்சதாலதான பொழைச்சான்" என்று மதினி அழுதாள். அத்தையும் அழுதார். இவர் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். "நமக்கு வயசிருக்கு செண்பகம்" என்றார் என்னிடம், "அவளுக்கு நாற்பது தாண்டியாச்சு, கோயில் கோயிலா ஏறி இறங்கி ஒண்ணும் ஆகலை, நாம இன்னொண்ணு பெத்துக்கலாம்." நாம. பெத்துக்கலாம். புளிக்குழம்பு அடிப்பிடித்து நாற்றம் வந்தது, அப்போதும் தலையை ஆட்டினேனா என்று ஞாபகம் இல்லை, ஆட்டியிருப்பேன், டிக்கெட் வந்துவிட்டதே. ரயிலில் கூட்டம், பிள்ளைக்குத் தொத்து வரும் என்று மதினிதான் விமானத்துக்குப் போட்டு அனுப்பினாள். என் வாழ்க்கையில் முதல் விமானம். எனக்காக இல்லை, அவனுக்காக. நான் அவனைச் சுற்றின துணி மாதிரி கூட வருகிறேன்.

"இனிதான் விஷயமே இருக்கு" என்று இவர் நிமிர்ந்து உட்காருகிறார். கீழே ஏரிகள் தெரிகின்றனவாம், வீடுகள் தீப்பெட்டி மாதிரி இருக்கின்றனவாம், எல்லாம் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் விமானப் படிப்புக்காரர்களின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பையன்கள் வருவதற்கு முன்னால் கூட்டிப் பெருக்கி, மோட்டாரைப் போட்டு, ஒரு நீளக் கூண்டுக்குள் காற்றை ஓட விடுவது, நடுவில் மரத்தில் செய்த குட்டி இறக்கையை மாட்டுவது, சார் சொன்னால் அதைச் சாய்ப்பது, சார் சொன்னால் நிமிர்த்துவது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நல்ல வேலை, நிழலில் உட்காருகிற வேலை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் "இன்னைக்கு நாங்க ஒரு டெஸ்ட் பண்ணினோம்" என்பார், அந்த "நாங்க"வைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு முட்டும், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வேன், வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஒரு ஆயுத பூஜைக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கூண்டுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது, குட்டி இறக்கைக்கும் ஒரு பொட்டு. யாரோ விபூதித் தட்டைக் கூண்டு வாயில் வைத்திருக்கிறார்கள், இவர் அதைப் பார்க்காமல், எனக்குக் காட்டுகிற ஜோரில் போய் மோட்டாரைத் தட்டிவிட்டார், உள்ளே இழுத்த காற்று கூண்டு முழுக்க விபூதியை அடித்து மறுபக்கம் நின்ற பெரிய சார் சட்டையில் கொண்டுபோய் அப்பியது. அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. அன்றைக்குத்தான் இந்தத் தரை விஷயத்தை எனக்குச் சொன்னார், ஒரு பலகையைக் குட்டி இறக்கைக்கு அடியில் கிட்டே கிட்டே கொண்டுபோய்க் காட்டினார். இப்போது மறுபடி ஆரம்பிக்கிறார், மடக்குப் பலகைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. "றெக்கைக்கு அடியில காத்து அமுக்கமா இருக்கும், மேல தளர்வா இருக்கும். அடியில உள்ளது சும்மா கிடக்குமா, நுனியைச் சுத்திக்கிட்டு மேல போகப் பாக்கும், அங்கன ஒரு சுழி விழும். அந்தச் சுழிதான் விமானத்தைப் பின்னால பிடிச்சு இழுக்கது. தரைக்குக் கிட்ட வந்துட்டா, எவ்வளவு கிட்டன்னா, ஒரு றெக்கை நீளம், அதுக்கும் கீழ வந்துட்டா சுழி சுத்துததுக்கு இடம் கிடையாது, தரை தடுத்துரும், இழுவை குறைஞ்சு போகும், தூக்கல் கூடிரும். இறங்கணும்னு வாற விமானம் இறங்க மாட்டேன்னு மிதக்கும்." காற்று மெத்தை மாதிரியா என்று எங்கள் தெரு டீக்கடைக்காரர் ஒருமுறை கேட்டதற்கு இவருக்குக் கோபம் வந்துவிட்டது, "மெத்தையும் இல்ல தலகாணியும் இல்ல, சுழிக்கு இடமில்ல, அவ்வளவுதான்" என்றார். சொல்வது பொய் இல்லை. எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் காலண்டரில் தேதித் தாளைக் கிழித்துப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியும், நேராக விழுந்துகொண்டே வந்து, தரைக்கு ஒரு விரல் இருக்கும்போது விழாமல் வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும், குனிந்து எடுக்க வேண்டியது நான். விமானம் அப்படிப் போகும் என்கிறார், போகட்டும். "கிளம்பும்போது இதை நம்பி ஏமாந்தவன் உண்டு, வேகம் பத்தாமலே தரையை விட்டு எழும்பிரும், ஆகா பறக்கோம்னு நினைப்பான், ஒரு றெக்கை உயரம் தாண்டினதும் பிடி விட்டுப்போகும், தொப்புனு வந்து விழுவான்." இதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு, அவனைவிடத் தனக்குத் தெரியும் என்கிற சிரிப்பு. நான் இவரையே பார்த்தேன். அம்மா சோறு போட்டு, அக்கா சட்டை எடுத்துக் கொடுத்து, அக்கா வீட்டுக்காரர் சொல்லி வேலை வாங்கி, முப்பது வயசு வரைக்கும் தரையை ஒட்டியே மிதந்து வந்துவிட்டு, பறப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறார். அக்கா கேட்டால் இவரால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும். இல்லை என்று சொல்வதற்கு ஒரு உயரம் வேண்டாமா.

இறங்குகிறோம் என்று அறிவிக்கிறார்கள், பணிப்பெண் ஒவ்வொரு சீட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறாள், என் பெல்ட்டோடு கோர்த்த குட்டிப் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறாள், "பேபி அழறான்னா ஃபீட் பண்ணுங்க மேடம், காது வலிக்காது" என்கிறாள், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். இவர் காதில் விழாததுபோல ஜன்னலைப் பார்க்கிறார், பிறகு மெதுவாக, "இப்போ வேண்டாம், ஆளுவ இருக்காவ, இப்போ கொடுத்தா திரும்ப முதல்லேர்ந்து புட்டிக்குப் பழக்கணும்" என்கிறார். ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் இருக்கிறார், தூங்குகிறார். பிள்ளை இப்போது முனகவில்லை, வாய்விட்டுக் கத்துகிறான், காதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறான், முகம் கன்றிப்போய்விட்டது, முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிறாள், என் கழுத்தெல்லாம் வேர்க்கிறது. என் கை முந்தானைக்குள் போகிறது, திரும்பி வருகிறது. எனக்கு என்ன வந்தது, என் பிள்ளை, என் பால், யாரிடம் கேட்கிறேன். அங்கே போனால் இவன் எத்தனை நாள் கத்துவான். மூன்று நாள், அதற்குமேல் பிள்ளைகள் கத்தாது என்று அத்தை சொன்னார், கன்றுக்குட்டி மாதிரித்தான், மூன்று நாள் கத்திவிட்டு அடங்கிவிடும். அடங்குவதுதான் எனக்குப் பயம். கத்துவது இல்லை. நாலாம் நாள் மதினி தோளில் அவன் சாய்ந்து தூங்குவான், என் தோளில் சாய்கிற அதே சாய்வு, வாயோரம் அதே எச்சில், அவனுக்கு வித்தியாசம் தெரியாது, அடுத்த பொங்கலுக்கு வந்து பார்த்தால் என்னைக் கண்டு மதினி கழுத்தைக் கட்டிக்கொள்வான், அத்தை, அத்தை என்று சொல்லிக்கொடுப்பார்கள், நான் அத்தையாகி ஒரு ரஸ்க் பாக்கெட்டோடு நிற்பேன். ஓ வென்று ஒரு இரைச்சல். "சக்கரம் வெளிய வந்துட்டு" என்கிறார். கட்டடங்கள், ஒரு தேவாலயக் கோபுரம், மொட்டைமாடியில் காயும் சிவப்புத் துணி, இவர் மூக்கைத் தாண்டித் தாண்டி ஓடுகின்றன, வேலி, புல், கறுப்புத் தரை, கோடு கோடாக வெள்ளை. "இப்போ தொடும்" என்கிறார். தொடவில்லை. விமானம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, தரைக்கு மேல் ஒரு முழத்தில், அப்படித்தான் எனக்குத் தோன்றியது, வழுக்கிக்கொண்டு போகிறது. "பாத்தியா, பாத்தியா, நான் சொன்னேம்லா, மிதக்குது. இப்போ தொடும்." கோடுகள் ஓடுகின்றன. தொடவில்லை. இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் வயிற்றையும் வைத்துக்கொண்டு, இறங்கவும் மனசில்லாமல் ஏறவும் மனசில்லாமல் அது போய்க்கொண்டே இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது, இறங்காதே, இறங்காதே என்று மனசுக்குள் சொன்னேன், இறங்கினால் வாசலில் மதினி. "இப்போ" என்றார் இவர் மூன்றாம் தடவை, குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஓடுதளம் முடிகிற இடத்தில் இருக்கும் ஏதோ ஒரு பலகையை இவர் பார்த்திருக்க வேண்டும்.

அப்போது இன்ஜின் கத்தியது. அதுவரைக்கும் கேட்காத சத்தம், முதுகைப் பிடித்துச் சீட்டோடு சேர்த்து அமுக்கி, மூக்கு மேலே தூக்கி, விமானம் மறுபடி எழும்பிவிட்டது. மேலே பெட்டி வைக்கிற இடம் கடகடவென்று ஆடியது, பின்னால் ஒரு பெண் முருகா என்றாள். "ஏன்" என்றார் இவர். மதுரையிலிருந்து இவர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி. என்னிடம்தான் கேட்டார். முன் சீட்டின் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது, உதட்டுக்கு மேல் பொட்டுப் பொட்டாக வேர்வை, குட்டி இறக்கையைச் சாய்த்து நிமிர்த்துகிற அந்தக் கைகள் சீட்டை விடவே இல்லை, பிள்ளைப் பக்கம் வரவே இல்லை. எனக்குப் பயமாக இல்லையா என்றால் இருந்தது, முதுகுத்தண்டு முழுக்க இருந்தது, ஆனால் பயத்துக்கு நடுவில் ஒரு தெளிவு, இந்த ஆள் விழும்போதும் என்னைப் பார்த்துத்தான் ஏன் என்று கேட்பார், இவருக்குத் தெரிந்த காற்று எல்லாம் கூண்டுக்குள் ஓடுகிற காற்று. முந்தானையை விலக்கினேன். மூடக்கூட இல்லை. பிள்ளை ஒரு தடவை விக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டான், வலித்தது, பிறகு அந்தக் கல் கரைந்து இறங்குவது தோள்பட்டை வரைக்கும் தெரிந்தது, அவன் முழுங்கினான், முழுங்கினான், காதைப் பிடித்திருந்த கை தளர்ந்து என் தாலிக்கயிற்றில் வந்து மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கத்துக்காரர் முழித்துவிட்டார், என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு இவரிடம், "சகஜம்தான் சார், ரொம்ப தூரம் மிதந்துட்டான், மிச்ச ரோடு பத்தாது, சுத்தி வந்து இறக்குவான்" என்றார். இவர் அதற்குத் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போது சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது. "நான் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்." "என்ன?" "மதினிட்ட பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்." "சரி." "சரின்னா என்ன சரி?" "கொடுக்க வேண்டாம் செண்பகம், அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ அவனைக் கெட்டியாப் பிடி." எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இத்தனை நாளும் இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று பாத்திரம் தேய்க்கும்போதும் படுத்துக்கிடக்கும்போதும் கோர்த்துக் கோர்த்துப் பார்த்து அறுத்துப்போட்டேனே, இவரை ஒரு தடவை ஆகாயத்தில் தூக்கிக் குலுக்கினால் போதும் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் தடவை ஒன்றும் ஆகவில்லை. சுற்றி வந்து, அதே ஏரி, அதே சிவப்புத் துணி, கோடு வந்ததும் டொம் என்று உட்கார்ந்தது, தரை கிடைத்ததும் சக்கரங்கள் அலறின, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், சிலர் கை தட்டினார்கள். இவர் கை தட்டவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்தார். விமானம் மெதுவாக ஊர ஆரம்பித்ததும் நிறம் திரும்ப வந்தது, முதலில் காதில், பிறகு கன்னத்தில், பிறகு வாயில். "முத தடவை வேகத்தைக் குறைக்காம வந்துட்டான், அதான் அவ்வளவு மிதந்துட்டு, நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பக்கத்துக்காரரிடம். எல்லாரும் எழுந்து பெட்டியை இழுத்தார்கள். "பிள்ளையைத் தா, நான் தூக்குதேன், அக்கா வாசல்லயே நிப்பா" என்றார். நான் தரவில்லை. "நான் சொன்னதுக்குச் சரின்னீங்க." "எதுக்கு?" "பிள்ளை விஷயத்துக்கு." இவர் சுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "மேல வச்சுப் பேசினதெல்லாம் ஒரு பேச்சா ஏட்டி, உசிருப் பயத்துல ஆயிரம் சொல்லுவோம், கீழ வந்த பிறகு உலகம் ஒண்ணு இருக்குல்லா" என்றார். நான் எதிர்பார்த்ததுதான். இவர் சரி என்றதைக் காசு மாதிரி முடிந்து வைத்துக்கொள்ள நான் அவ்வளவு முட்டாள் இல்லை. எனக்குத் தேவை இவர் சரி இல்லை. மேலே வைத்து நான் சொன்னது என் காதில் விழுந்ததே, அதுதான் தேவையாக இருந்தது, என் குரலில் அந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், பெட்டி வருகிற இடத்தில் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார், நான் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு மதினியை வெறுப்பதற்கு வேண்டியதையெல்லாம் எடுத்து அடுக்கினேன். சிரமமே இல்லை, நிறைய இருந்தது. கல்யாண வீட்டில் என் நகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்த விதம். போனில் ஒரு வார்த்தைகூட என்னிடம் பேசாமல் ஒலிபெருக்கி வழியாக அத்தையிடம் மட்டும் அழுதது. பிள்ளைக்குத் தானாகவே ரித்விக் என்று ஒரு பெயர், நாங்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். தொட்டில் வாங்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், தொட்டிலுக்குமேல் சுற்றுகிற யானைகள். பட்டுச் சேலையும் கனத்த வளையலுமாக வந்து நிற்பாள், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பிடுங்க வருவாள், நான் ஒரு எட்டு பின்னால் வைத்தால் போதும், மிச்சத்தை அவள் வாயே செய்துவிடும், அவள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன், கூட்டம் கூடும், கூடட்டும். அவள் அப்படி வந்தால் எனக்கு வசதி. அப்படியே வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவு திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள், பலகைகள், பூச்செண்டுகள். மதினி முதல் வரிசையில் நின்றாள். வீட்டில் கட்டுகிற பருத்திச் சேலை, தலையைக்கூடச் சரியாக வாரவில்லை, கிளம்புகிற அவசரத்தில் வந்தவள் மாதிரி. வளையல் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஈரம் சொட்டியது. பின்னால் அவள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணாச்சி முறை, தோளில் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றார். "வளையல் பிள்ளைக்குக் குத்தும்னு கழற்றிட்டா. விமானம் இறங்காமச் சுத்துதுன்னதிலேர்ந்து இப்படித்தாம்மா, கையைக் கழுவிக் கழுவி நிக்கா, கம்பியைப் பிடிச்சுக்கோன்னா அதையும் தொட மாட்டேங்கா" என்றார். மதினி பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. "எதையும் தொடலை செண்பகம், சுத்தமாத்தான் இருக்கு" என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள், தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. "தூக்கட்டுமா?" தூணில் சாய்ந்துகொண்டு அடுக்கினதெல்லாம் எங்கே போனது என்று தேடினேன். ஒன்றும் கையில் அகப்படவில்லை. இவரை அற்பமாக நினைக்க எனக்குப் பழக்கம் உண்டு, அத்தையை, எமனை, எல்லாரையும், அது ஒரு சுகம், அதில் சாய்ந்துகொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். இந்த ஊறிப்போன விரல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அவள் என்னிடம் கேட்கிறாள். இந்த வீட்டில் இதுவரைக்கும் எதற்கும் யாரும் என் சம்மதத்தைக் கேட்டதில்லை, கேட்டது இவள்தான், இவளுக்குத்தான் நான் இல்லை என்று சொல்ல வேண்டும். பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன். அவன் அழவில்லை, அவள் மூக்கைப் பிடித்தான். "தூக்குங்க மதினி" என்றேன், "நாலு நாள் இங்கனதான் இருப்போம், ஆசை தீரத் தூக்குங்க. போகும்போது என் பிள்ளையை நான் கொண்டுபோயிருவேன். தரதுக்கு வரலை." பக்கத்தில் பலகை பிடித்து நின்ற டிரைவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவு சத்தமாகவா சொன்னேன். "கோமதி" என்றாள் மதினி, தம்பியைப் பார்த்து. இவர் குனிந்து தள்ளுவண்டிச் சக்கரத்தில் சிக்காத எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். "நீயா சொல்லுத?" என்றாள் என்னிடம். "நான்தான் மதினி சொல்லுதேன்." அண்ணாச்சி பாட்டில் மூடியைத் திருகினார், திறந்தார், திருகினார். மதினி பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்து மோந்தாள், ரொம்ப நேரம் மோந்தாள், அவள் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. ஆசை தீரத் தூக்குங்க என்று சொன்ன நானே பிள்ளையைத் திரும்ப வாங்க இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினேன், ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சிலர் பார்த்துக்கொண்டே போனார்கள், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, கையை மடக்கவில்லை.